இறங்கு ஓட்டத்துக்குக் கால்களைப் பழக்குதல்: காம்ரேட்ஸ் ஓடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க், டர்பன் நகரங்களுக்கிடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தூரம், ஆண்டுக்கொரு திசையாக மாறி மாறி நடப்பது காம்ரேட்ஸ் ஓட்டம். அது மேட்டிலுள்ள பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து கடலோர டர்பனுக்கு இறங்கி வரும் ஆண்டு இலகுவான ஆண்டு என்ற நம்பிக்கை, டர்பனில் இந்தியர் மிகுந்து வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ஓடுகிறவர்களிடையே இன்றும் இருக்கிறது. முதல் முறை ஓடியபோது நானும் அப்படித்தான் நம்பினேன். 12 மணி நேர வரம்புக்குள் முடித்தும் விட்டேன். ஆனால் அடுத்த நான்கு நாளும் வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாகத்தான் இறங்கினேன். மூச்சில் குறை இருக்கவில்லை. கால்கள்தாம் அந்த வேலைக்குப் பழகியிருக்கவில்லை.

இந்த ஓட்டம் 1921 மே 24 அன்று முதன்முதலாக நடந்தபோது 34 பேர் புறப்பட்டார்கள். அதுவும் டர்பனை நோக்கி இறங்கிய ஓட்டமே. எல்லா இனத்தவரும் பெண்களும் முறையாகப் பங்குபெற 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே எங்கள் தாத்தாமார் சாலையோரத்தில் நின்று கைதட்டிய ஓட்டத்தில் நாங்கள் ஓடுகிறோம். அவர்களிடமிருந்து எங்களுக்கு வந்துசேர்ந்த பயிற்சி மரபு ஏதும் இல்லாததால், நமக்குக் கிடைப்பது ஆய்வு நூல்களும் சொந்தக் காயங்களும் மட்டுமே.

இந்த வழிகாட்டி முழுவதையும் தாங்கி நிற்பது ஒரே செய்தி: உடலின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் பயிற்சிக்குப் பழகுவதில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசை அதற்குப் பின்னால் வரும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும், எலும்பும் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஓடுகிறவர் தம் மூச்சைக் கேட்டுத்தான் தூரத்தைக் கூட்டுகிறார். காயமோ பின்தங்கி நிற்கும் பகுதியில்தான் வருகிறது.

படி 1: தொடங்குமுன் கணக்கெடுங்கள்

காயத்தை முன்கூட்டிக் காட்டும் அறிகுறிகளுள் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்படுவது முந்தைய காயமே. எனவே கடந்த இரண்டு ஆண்டுகளில் உங்களை ஒரு வாரத்துக்கு மேல் ஓடவிடாமல் நிறுத்திய ஒவ்வொரு வலியையும், எந்தக் கால், எந்த இடம், அதற்கு முந்தைய மாதத்தில் என்ன மாற்றினீர்கள் என்ற விவரத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலோர் எழுதியபின் வியப்பார்கள்; ஒரே இடம் மூன்று பெயர்களில் வலித்திருக்கும்.

அடுத்து, இரண்டு எளிய சோதனைகள். சுவரை விரலால் மட்டும் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்கி இறக்குங்கள். ஒரு காலுக்கு 25 முறை என்பது நலமான ஒருவரிடம் எதிர்பார்க்கப்படும் அளவு. இதற்குக் கீழே இருந்தால், அல்லது இரு கால்களுக்கிடையே ஐந்துக்கு மேல் வேறுபாடு இருந்தால், கெண்டைக்கால் தசை உங்கள் முதல் வேலை. பிறகு ஒரு படிக்கட்டின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக மடங்கி இறங்குங்கள். முழங்கால் உட்பக்கம் சரிந்தாலும் இடுப்பு ஒரு பக்கமாகத் தொங்கினாலும் மூன்றாம் படியில் சொல்லப்போகும் பயிற்சிகள் உங்களுக்குத்தான்.

மருத்துவச் சோதனையைத் தட்டிக்கழிக்காதீர்கள். தென்னாப்பிரிக்க இந்தியர்களிடையே நீரிழிவும் இதய நோயும் மிகுதி என்பது நம் குடும்பங்களில் எவருக்கும் புதிய செய்தி அல்ல. இதயத்துக்காகச் சோதிக்க வேண்டும் என்பது வெளிப்படை. பலருக்குத் தெரியாதது, நீடித்த உயர் சர்க்கரை தசைநாணின் இழைகளையும் விறைப்பாக்கி, அதன் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும் என்பதே. கேப் டவுனில் நடக்கும் டூ ஓஷன்ஸ் ஓட்டத்தில், பதிவின்போதே உடல்நிலை பற்றிக் கேள்விகள் கேட்டு, ஆபத்து மிகுந்தவர்களுக்கு முன்கூட்டி அறிவுரை தந்த ஆண்டுகளில் ஓட்ட நாளின் மருத்துவச் சிக்கல்கள் கால் பங்குக்கு மேல் குறைந்தன என்று விளையாட்டு மருத்துவர் மார்ட்டின் ஷ்வெல்னஸும் உடன் ஆய்வாளர்களும் காட்டியிருக்கிறார்கள். ஒரு கேள்வித்தாள் இவ்வளவு செய்யும் என்றால் மருத்துவரின் அறையில் செலவிடும் அரை மணி நேரம் வீணல்ல.

படி 2: தூரத்தைக் கூட்டும் விதம்

வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டாதே என்ற விதியை எல்லாரும் சொல்வார்கள். 2008இல் நெதர்லாந்தில் 532 புதிய ஓட்டக்காரர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இந்த விதிப்படி 13 வார நிதானத் திட்டமும், மற்றதற்கு 8 வார வழக்கமான திட்டமும் தந்து பார்த்தார்கள். இரு குழுவிலும் ஐவரில் ஒருவர் காயப்பட்டார், வேறுபாடு இல்லை. இதனால் எப்படி வேண்டுமானாலும் கூட்டலாம் என்று பொருள் கொள்வது தவறு. வாரக் கூட்டுத்தொகையை அளவுகோலாகக் கொண்டதில்தான் குறை இருக்கலாம். 2025இல் வெளியான, 5,200க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று வேறொன்றைச் சுட்டியது: கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் நீளமான ஒரே ஓட்டத்தை ஓடும்போது, அதிகப் பயன்பாட்டால் வரும் காயங்களின் வாய்ப்பு உயர்ந்தது. வாரக் கணக்கில் அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை.

நடைமுறையில் இதன் பொருள் தெளிவானது. ஞாயிறு காலை நீள ஓட்டமே ஆபத்து நிறைந்த ஓட்டம், கணக்கு அதற்குத்தான். சென்ற மாதத்தின் மிக நீண்ட ஓட்டம் 24 கிலோமீட்டர் என்றால் இந்த ஞாயிறு 26 போதும். நண்பர்கள் 35க்குப் போகிறார்கள் என்பதற்காகச் சேர்ந்து போகாதீர்கள். பாதியில் பிரிந்து டாக்ஸி பிடித்து வருவதில் இழிவு ஒன்றும் இல்லை.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. இருட்டில் தனியாக ஓடுவது பாதுகாப்பில்லை என்பதால் குழுவாக ஓடுகிறோம். குழுவாக ஓடினால் வேகத்தைத் தீர்மானிப்பவர் குழுவில் வலிமையானவர். இதனால் இலகுவாக இருக்க வேண்டிய செவ்வாய் ஓட்டம் நடுத்தர வேகமாகவும், நடுத்தரமாக இருக்க வேண்டிய வியாழன் ஓட்டம் போட்டியாகவும் மாறிவிடுகிறது. எங்கள் குழுவில் இதற்குக் கண்ட வழி, இலகு நாளில் முழு வாக்கியமாகப் பேச இயலாதவர் எவரோ அவரே அன்றைய தலைவர். மற்றவர்கள் அவர் பின்னால்தான். ஒரு பெரியவரைத் தலைவராக்கிவிட்டால் இளைஞர்கள் மரியாதைக்காவது அடங்குவார்கள்.

மூன்று வாரம் கூட்டி, நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். எலும்பு புதுப்பிக்கப்படும்போது முதலில் பழைய திசு அரித்தெடுக்கப்பட்டு, பிறகே புதியது படிகிறது. இடைப்பட்ட வாரங்களில் அந்த இடம் முன்னிருந்ததைவிடச் சற்று வலுக்குறைந்திருக்கும். புதிதாகக் கடும் பயிற்சி தொடங்கியவர்களுக்கு முதல் வாரத்தில் இல்லாமல் சில வாரங்கள் கழித்து எலும்பு வலி வருவதற்கு இதுவே ஏற்கத்தக்க விளக்கம். தைப்பூசக் காவடி எடுப்பவர்கள் அந்த வாரத்தைக் குறைப்பு வாரமாக வைத்துக்கொள்ளலாம். வெறுங்காலில் பல மணி நேரம் தார்ச்சாலையில் நடந்தபின் கொப்புளத்தோடு ஓடினால் நடை மாறும். மாறிய நடை வேறெங்காவது வலியாக வெளிப்படும்.

படி 3: வலிமைப் பயிற்சி

காயத் தடுப்பில் நான் மிக உறுதியாகப் பரிந்துரைப்பது இதையே. 25 ஆய்வுகளையும் 26,610 பேரையும் ஒன்றுசேர்த்து 2014இல் டென்மார்க்கில் செய்த பகுப்பாய்வில், வலிமைப் பயிற்சி விளையாட்டுக் காயங்களை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்தது. அதிகப் பயன்பாட்டால் வருபவை ஏறத்தாழப் பாதியாயின. அதே பகுப்பாய்வில் தசை நீட்டலால் எந்தப் பாதுகாப்பும் தெரியவில்லை. ஆனாலும் ஞாயிறு காலை கடற்கரை நடைபாதையில் பாருங்கள், ஓடுமுன் காலை இழுத்து நீட்டுகிறவர் நூறு பேர் இருப்பார்கள்; கெண்டைக்கால் பயிற்சி செய்கிறவரைக் காண்பது அரிது. (நீட்டல் சுகமாக இருந்தால் செய்யுங்கள். அது கெடுதி செய்யாது.)

வாரத்துக்கு இரண்டு முறை, அரை மணி நேரம். உடற்பயிற்சிக் கூடம் தேவையில்லை. பள்ளிப்பையில் 10 கிலோ அரிசிப் பையை வைத்துத் தோளில் மாட்டினால் முதல் இரண்டு மாதத்துக்குப் போதும்.

முதலாவது, படியிலிருந்து இறங்குதல். சோதனையில் செய்ததையே, இறங்கும்போது நான்கு எண்ணும் அளவுக்கு மெதுவாகச் செய்யுங்கள். ஒரு காலுக்கு எட்டு முறை, மூன்று சுற்று. இரண்டாவது, பின்காலை நாற்காலியில் வைத்து முன்காலால் குந்தி எழுதல். இதற்கும் எட்டு முறை, மூன்று சுற்று. மூன்றாவது, குதிகால் தூக்குதல். முழங்கால் நேராக இருக்கும்போது மேல் கெண்டைக்கால் தசையும், மடங்கியிருக்கும்போது அதற்கடியில் உள்ள தசையும் அதிகம் உழைப்பதால் இரண்டு விதமாகவும் செய்ய வேண்டும். நீண்ட ஓட்டத்தில் குதிநாணின் (கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தசைநாண்) பெரும் சுமையைத் தாங்குவது அடியில் உள்ள தசை. மக்கள் விட்டுவிடுவதும் அதைத்தான். நான்காவது, பக்கவாட்டில் படுத்து முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்கி நிற்றல், ஒரு பக்கத்துக்கு 40 விநாடி.

எட்டாவது முறை முடியும்போது இன்னும் இரண்டுதான் முடியும் என்ற நிலை இருக்க வேண்டும். பதினைந்து முடியும் என்றால் அரிசியைக் கூட்டுங்கள். இலகுவான எடையில் ஐம்பது முறை செய்வது வியர்வை தரும். தசைநாணுக்குத் தேவையான தூண்டுதலைத் தராது. இந்தப் பயிற்சியைக் கடின ஓட்டம் ஓடிய அதே நாள் மாலையில் வையுங்கள், அப்போது இலகு நாள் உண்மையிலேயே இலகுவாக இருக்கும். பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களுக்கு இதனால் ஒரே வேகத்துக்குச் செலவாகும் ஆற்றல் 2 முதல் 8 விழுக்காடு வரை குறைவதாக ஆய்வுத் தொகுப்புகள் கூறுகின்றன. ஆகவே இது காயத்துக்கான காப்பு மட்டும் அன்று.

படி 4: இறக்கத்தைப் பழக்குதல்

பீட்டர்மாரிட்ஸ்பர்க் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 600 மீட்டர் மேலே இருக்கிறது. வழியில் உம்லாஸ் சாலை அருகே பாதை 800 மீட்டரைத் தாண்டும். இறங்கு ஆண்டிலும் ஏற்றங்கள் உண்டு: இஞ்சாங்கா, பாதிவழியில் உள்ள டிரம்மண்டைக் கடந்ததும் போத்தாஸ் ஹில், கடைசியில் குட்டையான கௌவீஸ் ஹில். ஆனால் கால்களை உடைப்பவை இவை அல்ல. 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் களைத்தபின், க்ளூஃபிலிருந்து பைன்டவுனுக்கு இறங்கும் ஃபீல்ட்ஸ் ஹில்தான் கணக்கைத் தீர்க்கிறது.

ஏன் என்பதைப் புரிந்துகொள்வது பயன் தரும். ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கி நிறுத்துகிறது. கிணற்றில் வாளியை இறக்குகிறவர் கயிற்றை மெல்ல மெல்ல விடுவதைப் போல. நீளும் நிலையில் சுமை தாங்கும்போது தசை இழையின் மிக நுண்ணிய அலகுகள் சில கிழிகின்றன. அதனால்தான் ஓடும்போது பெரிதாக வலிக்காமல், ஒன்று முதல் மூன்று நாள் கழித்து வலி உச்சம் அடைகிறது. 2005இல் வெளியான அளவீடு ஒன்றில், 9 பாகைச் சரிவில் இறங்கும்போது பாதம் தரையில் மோதும் விசையின் உச்சம் சமதளத்தைவிட 54 விழுக்காடு கூடியிருந்தது. சமதளமான கடற்கரை நடைபாதையில் எத்தனை நூறு கிலோமீட்டர் ஓடினாலும் இந்தச் சுமை காலுக்கு அறிமுகமாவதில்லை.

நல்ல செய்தியும் உண்டு. ஒருமுறை அளவாக இறக்கம் ஓடி வலித்த தசை, அடுத்த முறை அதே இறக்கத்துக்கு மிகக் குறைவாகவே வலிக்கும். 1985இல் வெளியான ஆய்வொன்றில் 30 நிமிட இறக்க ஓட்டம் ஒன்று தந்த பாதுகாப்பு ஆறு வாரம் வரை நீடித்தது. இயற்கை இவ்வளவு மலிவாகத் தரும் காப்பீட்டை வாங்காமல் விடுவது எனக்கு விளங்காத ஒன்று.

ஓட்டத்துக்குப் பன்னிரண்டு வாரம் முன் தொடங்குங்கள். பின்வரும் அளவுகள் ஆய்வுக்கூடத்தில் நிறுவப்பட்டவை அல்ல. மேலே சொன்ன அறிவை வைத்து நானும் என்னோடு ஓடுகிறவர்களும் பல ஆண்டுகளில் வகுத்துக்கொண்டவை. முதல் மூன்று வாரம், பத்து நாளுக்கு ஒருமுறை, மிதமான சரிவில் இரண்டு நிமிட இறக்கம், நான்கு முறை. மேலே நடந்து ஏறுங்கள். சாட்ஸ்வர்த்திலும் ஷால்கிராஸிலும் இருப்பவர்களுக்கு வீட்டு வாசலே சரிவுதான், வேறெங்கும் போக வேண்டாம். அடுத்த மூன்று வாரம் இறக்கத்தை நான்கு நிமிடமாக்கி ஐந்து முறை. அதன்பின் நீள ஓட்டத்தின் கடைசிக் கால்பங்கில் தொடர்ச்சியான இறக்கம் வருமாறு பாதையைத் தேர்ந்தெடுங்கள். ஹில்க்ரெஸ்ட்டில் வண்டியை விட்டுவிட்டுப் பைன்டவுன் பக்கம் இறங்கும் குழுக்கள் இதற்காகவே உண்டு. களைத்த காலில் இறங்குவதுதான் ஓட்ட நாளுக்கு மிக நெருக்கமான ஒத்திகை. கடைசிக் கடின இறக்கத்தை ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன் முடித்துவிடுங்கள்: பாதுகாப்பு எஞ்சியிருக்கும், சேதம் ஆறியிருக்கும்.

இறங்கும் முறையும் முக்கியம். உடலைப் பின்னால் சாய்த்துக் குதிகாலால் பிரேக் போடுவதே எல்லாரும் செய்யும் பிழை. அடியைக் குறுக்கி, எண்ணிக்கையைக் கூட்டுங்கள். விஸ்கான்சினில் 2011இல் நடந்த ஆய்வில், ஒருவர் தம் வழக்கமான அடி எண்ணிக்கையை 5 முதல் 10 விழுக்காடு உயர்த்தியபோதே முழங்காலிலும் இடுப்பிலும் விழும் சுமை குறைந்தது. நிமிடத்துக்கு 180 அடி என்ற எண்ணைத் துரத்த வேண்டாம்; உங்கள் எண்ணிக்கை 160 என்றால் 170 போதும். பாதம் இடுப்புக்கு நேர்கீழே விழ வேண்டும், பார்வை பத்து மீட்டர் முன்னே. காலடிச் சத்தம் கேட்டால் நீங்கள் தரையை அடிக்கிறீர்கள்.

படி 5: வலி வந்தால்

வந்தே தீரும். எல்லா வலிக்கும் ஓய்வு எடுக்கிறவரும், எந்த வலிக்கும் ஓய்வு எடுக்காதவரும் ஒரே அளவு தவறு செய்கிறார்கள். எந்தத் திசு வலிக்கிறது என்பதைப் பொறுத்தே முடிவு அமைய வேண்டும்.

எலும்பு என்றால் பேச்சே இல்லை. கணைக்கால் எலும்பில் ஒரு விரல் நுனியால் சுட்டிக்காட்டக் கூடிய ஒற்றைப் புள்ளியில் வலி, ஓட ஓட மிகும் வலி, இரவில் எழுப்பும் வலி, ஒற்றைக் காலில் துள்ளும்போது பாயும் வலி ஆகியவை மயிரிழை விரிசலின் அடையாளங்கள். ஓடுவதை அன்றே நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். முதல் வாரங்களில் எடுக்கும் எக்ஸ்ரே பெரும்பாலும் ஒன்றும் காட்டாது; எக்ஸ்ரே தெளிவாக இருப்பதாலேயே ஓடத் தொடங்கிவிடாதீர்கள். தொடை இடுக்கில் ஆழமாக வலித்தால் இன்னும் அவசரம்: தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் ஏற்பட்டு அது முழுவதும் முறிந்தால் அறுவை சிகிச்சையும், சிலருக்கு வாழ்நாள் ஊனமும் நேரும்.

தசைநாண் வலி வேறு இனம். குதிநாண் காலையில் எழுந்ததும் விறைத்திருக்கும், நடக்க நடக்க இளகும், ஓடி முடித்த மறுநாள் பழிவாங்கும். இதற்கு முழு ஓய்வு மருந்தல்ல; ஓய்வில் தசைநாண் மேலும் வலுவிழக்கும். 1998இல் ஸ்வீடனில் அல்ஃப்ரெட்சனும் குழுவினரும் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 15 ஓட்டக்காரர்களுக்குப் படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக இறக்கும் பயிற்சியைத் தந்தார்கள்: 15 முறை மூன்று சுற்று, நேர்முழங்காலோடும் மடக்கியும், நாளுக்கு இருமுறை, 12 வாரம். அத்தனை பேரும் முன்போல் ஓடத் திரும்பினார்கள். வாரத்துக்கு மூன்று முறை மட்டும் கனமான எடையோடு மெதுவாகச் செய்தாலும் அதே பலன் கிடைப்பதாக 2015இல் டென்மார்க்கில் கண்டார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதையே. வலி தசைநாணின் நடுவே இல்லாமல் குதிகால் எலும்போடு சேரும் இடத்தில் இருந்தால், விளிம்புக்குக் கீழே இறக்காமல் சமதரையிலேயே செய்யுங்கள்.

அந்த வாரங்களில் ஓடலாமா? வலியைப் பத்துக்கு எண்ணிடும் முறை ஒன்றை ஸ்வீடனிலேயே வகுத்துச் சோதித்திருக்கிறார்கள். ஓடும்போது ஐந்து வரை பொறுக்கலாம். மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் கூடக் கூடாது. இந்த மூன்றும் பொருந்தினால் ஓடிக்கொண்டே குணமாகலாம். மறுபடி சொல்கிறேன், இந்த அளவுகோல் தசைநாணுக்கு மட்டும். எலும்புக்கு எண்ணிக்கை கிடையாது.

முழங்காலின் வெளிப்புறத்தில் சுரீரென வரும் வலி இறங்கு ஆண்டின் தனி அடையாளம். தொடையின் வெளிப்புறப் பட்டை முழங்காலருகே எலும்போடு அழுந்துவதால் வருவது. இறக்கத்தில் மிகும், ஏற்றத்தில் மறையும். இறக்கத்தை இரண்டு வாரம் நிறுத்தி, இடுப்புப் பக்கத் தசையை வலுப்படுத்தி, குறுகிய அடியோடு திரும்புங்கள். முழங்கால் சில்லுக்குப் பின்னால் வரும் மந்தமான வலிக்கும் தொடை, இடுப்பு வலிமைப் பயிற்சிதான் ஆதாரமுள்ள மருத்துவம். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலடியில் முள்போலக் குத்தினால், விரல்களுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் குதிகால் தூக்கும் பயிற்சி செய்யுங்கள். மூன்றாவது மாதத்தில்தான் பலன் தெளியும், பொறுமை வேண்டும்.

ஐஸ் பற்றி ஒரு வரி: ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற நான்கு சொல் மந்திரத்தை 1978இல் புனைந்த மருத்துவர் கேப் மிர்க்கினே பின்னாளில், ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக் கூடும் என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டார். வலி தணிய ஐஸ் வைக்கலாம். குணமாக்குவது படிப்படியாகத் தரும் சுமையே.

படி 6: சாப்பாடும் தூக்கமும்

பயிற்சி செய்கிறவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்தது 72 கிராம். வேகவைத்த பருப்பு ஒரு குவளையில் ஏறத்தாழ 18 கிராம்தான் இருக்கிறது. புரட்டாசி முழுவதும் அசைவம் தொடாத வீடுகளில் ரசமும் சோறும் உருளைக்கிழங்குக் கறியுமாக நாள் ஓடிவிட்டால், அந்த அளவு எட்டவே எட்டாது. சுகர் பீன்ஸ், தயிர், பருப்பு, வேர்க்கடலை மூன்று வேளையும் தட்டில் இருக்க வேண்டும். புரட்டாசி ஓட்டம் முடிந்து மூன்று மாதம் கழித்து வருவதால் தூரமும் குறைவாகவே இருக்கும். கவலைக்குரியவை தைப்பூசத்துக்கும் சித்திரைக் காவடிக்கும் முன் இருக்கும் விரத நாள்கள். ஒருவேளை மட்டும் உண்ணும் நாளில் இலகுவாக ஓடுங்கள், அல்லது ஓடாதிருங்கள்.

செலவழிப்பதைவிடக் குறைவாக மாதக்கணக்கில் சாப்பிட்டால் எலும்பு தேயும், காய்ச்சல் அடிக்கடி வரும், பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும். பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014 முதல் இதை ஆண்களையும் பாதிக்கும் ஒரே நோய்த்தொகுதியாக விவரித்து வருகிறது. பயிற்சி நன்றாக நடப்பதால்தான் மாதவிடாய் நின்றது என்று பெருமையாகச் சொன்ன ஒரு தங்கையை நான் அறிவேன். அவருக்கு அடுத்த ஆறு மாதத்தில் இரண்டு விரிசல்கள்.

தூக்கத்துக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய இளம் விளையாட்டு வீரர்களுக்குக் காய வாய்ப்பு 1.7 மடங்கு என்று 2014இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. காலை மூன்றரைக்கு எழுந்து ஓடுகிறவர் இரவு பத்தரை வரை தொலைக்காட்சி பார்க்க இயலாது.

படி 7: காலணி

காலில் போட்டதும் சுகமாக இருப்பதை வாங்குங்கள். இரண்டு வகை மாற்றி மாற்றி அணிந்தவர்களுக்குக் காயம் குறைந்ததாக 2015இல் லக்சம்பர்க் ஆய்வு ஒன்று காட்டியது. பழைய ஜோடியைத் தூக்கியெறியாமல் இலகு நாளுக்கு வையுங்கள். இறக்கத்தில் விரல் நகம் கறுப்பாகாமல் இருக்க முன்னே ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும்.

படி 8: ஓட்ட நாள்

முதல் பாதியில், டிரம்மண்டை அடையும்வரை, இறக்கங்களில் வேகத்தை அடக்குங்கள். அதிகாலைக் குளிரில் கால்கள் புதிதாக இருக்கும்போது தொடக்கத்திலேயே வரும் பாலி ஷார்ட்ஸ் சரிவில் பறந்து இறங்கியவர்கள்தாம் ஃபீல்ட்ஸ் ஹில்லில் நடக்கிறார்கள்.

தாகத்துக்கு மட்டும் குடியுங்கள். 1981 காம்ரேட்ஸில் ஓடிய ஒரு பெண் அளவுக்கு மீறி நீர் குடித்து, இரத்தத்தில் சோடியம் சரிந்து, வலிப்பும் மயக்கமும் வந்து விழுந்தார். அவர் உட்பட நால்வரின் நிலையைத் தென்னாப்பிரிக்க விளையாட்டு மருத்துவ ஆய்வாளர் டிம் நோக்ஸ் 1985இல் வெளியிட்டபோதுதான் நீண்ட ஓட்டங்களில் நீர் நஞ்சாகலாம் என்று உலகம் அறிந்தது. வழியில் வரும் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் கட்டாயமாகக் குடிக்க வேண்டியதில்லை. விரல் வீங்கி மோதிரம் இறுகினால், தலைவலியும் குமட்டலும் சேர்ந்தால், குடிப்பதை நிறுத்தி மருத்துவக் கூடாரத்துக்குப் போங்கள்.

வலி மாத்திரைப் பொட்டலத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். 80 கிலோமீட்டர் ஓடியவர்களிடம் 2017இல் வெளியான சோதனையில், இபுப்ரோஃபென் உட்கொண்டவர்களில் 52 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை உட்கொண்டவர்களில் 34 விழுக்காட்டினருக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. வெற்று மாத்திரைக் குழுவே மூன்றில் ஒருவர் என்றால், அதன்மேல் இன்னொரு சுமையை ஏற்றுவானேன்?

தசைப்பிடிப்புக்கு உப்புக் குறைவுதான் காரணம் என்பது பழைய நம்பிக்கை. டூ ஓஷன்ஸில் பிடிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் இரத்த உப்பிலோ நீரிழப்பிலோ மருத்துவ முக்கியத்துவம் உள்ள வேறுபாடு இல்லை என்று ஷ்வெல்னஸ் குழு கண்டது. களைத்த தசைக்கும் நரம்புக்கும் இடையே கட்டுப்பாடு குலைவதே காரணம் என்பது அவர் கருத்து. பிடித்த தசையை மெதுவாக நீட்டிப் பிடியுங்கள், வேகத்தைக் குறையுங்கள், பிறகு தொடருங்கள்.

படி 9: ஓடி முடித்தபின்

இரண்டு வாரம் ஓடாதீர்கள். 90 கிலோமீட்டர் ஓடியவர்களை நோக்ஸும் குழுவினரும் 1998இல் அளந்தபோது, நின்ற இடத்திலிருந்து மேலே குதிக்கும் உயரம் 18 நாள் வரை பழைய அளவுக்குத் திரும்பவில்லை. நோவு ஒரு வாரத்தில் போய்விடும். நோவு போனதைக் குணமானதாக எடுத்துக்கொண்டு பத்தாம் நாள் ஓடுகிறவர்கள்தாம் ஜூலையில் பிசியோதெரபிஸ்ட் வாசலில் நிற்கிறார்கள். நடக்கலாம், கடலில் நீந்தலாம். சளியோடு காய்ச்சலும் மார்பு இறுக்கமும் இருந்தால் அவை முற்றும் நீங்கும்வரை ஓட்டம் கூடாது, ஏனெனில் தொற்று இதயத் தசைக்கும் பரவக் கூடும்.

மூன்றாவது வாரத் தொடக்கத்தில் முதல் படியின் இரண்டு சோதனைகளையும் திரும்பச் செய்யுங்கள். குதிகால் தூக்குதல் பயிற்சிக் காலத்தில் எட்டிய எண்ணிக்கையில் பத்தில் ஒன்பது பங்கு வந்துவிட்டால், படியில் இறங்கும்போது முழங்கால் சரியாமல் நின்றால், சமதளத்தில் 20 நிமிடம் ஓடிப் பாருங்கள். இல்லையென்றால் இன்னொரு வாரம் நடை. இறக்கத்தை ஆகஸ்ட் வரை தொட வேண்டாம்.